அறுபத்துநான்காவது விலா

2024 ஒக்டோபர் 19, சனிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். கல்குடாக் கடற்கரையில் காற்று அறவே இல்லை. கிழக்கே மேகம் மூன்று அடுக்காகக் கிடந்தது. நாலு நிமிடம் தூறிவிட்டு நின்றுவிட்டது. அந்த நேரத்தில்தான் நான், எழுபத்துமூன்று வயதில், இருபத்தாறு வருடங்களுக்குப் பிறகு ஒரு கப்பலில் ஏறுவதற்காக என் மருமகனின் படகில் கால் வைத்தேன்.

மருமகன் என்றால் என் தங்கையின் மகன். ஐம்பது வயது. கல்குடாவில் இரண்டு படகு வைத்து மீன்பிடிக்கிறவன். முதல் நாள் இரவு ஏழு நாற்பதுக்கு நாவற்குடாவில் என் வீட்டுக்கு அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

“மாமா, உங்களுக்கு ரஷ்ய எழுத்து வாசிக்கத் தெரியுந்தானே?”

“எழுத்த வாசிப்பன். கருத்து அரைவாசிதான் விளங்கும்.”

“அரைவாசி காணும். அந்தக் கப்பலுக்க தண்ணி ஏறுது. குழாய், பூட்டு எல்லாத்திலயும் அந்த எழுத்துத்தான் அடிச்சிரிக்கி. அதில நிக்கிற ஆக்களுக்கே ஒண்டும் விளங்குதில்ல.”

எந்தக் கப்பல் என்று நான் கேட்கவில்லை. கரையிலிருந்து இரண்டு மைல் தள்ளி அது நங்கூரம் போட்டு நிற்பது அறுபத்துமூன்று நாளாக எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் இல்லை, காப்புறுதி இல்லை, அதனால் துறைமுகம் உள்ளே எடுக்காது. முதலாளி வேறொரு நாட்டில். அவருடைய தொலைபேசி ஐந்து வாரமாக வேலை செய்யவில்லை. கப்பல் தலைவர் முப்பத்தோராம் நாள் நோயாளியாகக் கரைக்குப் போனவர் திரும்பவில்லை. மிச்சம் ஏழு பேர். அந்த ஏழு பேரின் கடவுச்சீட்டும் தலைநகரில் கப்பல் முகவரின் மேசை லாச்சிக்குள். கடவுச்சீட்டு இல்லாமல் கரைக்கு வரக்கூடாது. ஆள் இல்லாமல் கப்பலை விடவும் கூடாது. அனுமதி வாங்கிக்கொண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை பரல்களில் நல்ல தண்ணீரும், ஆளுக்கொரு வீட்டிலிருந்து சோறும் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் கல்குடா மீனவர்கள்தான். அது அவர்களுடைய வேலை அல்ல.

அன்றிரவு படுக்கும் முன் மூன்று அரச அலுவலகங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். மூன்று இடத்திலும் ஒரே பதில்: கப்பல் தாழத் தொடங்கினால் ஆட்களை ஏற்ற ஏற்பாடு உண்டு, ஓட்டையைப் பார்ப்பது முகவரின் பொறுப்பு, கடிதம் கொடுத்தால் அது திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளப்படும். ஓட்டைக்குச் சனி, ஞாயிறு லீவா என்று மூன்றாவது ஆளிடம் கேட்டேன். வைத்துவிட்டார்.

இந்தக் கப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நடந்தது விளங்கும். சோவியத் நாடு இருந்த காலத்தில், வடக்கே உறைபனிக் கடல்களில் மரமும் மூட்டைச் சரக்கும் ஏற்றுவதற்கென்று கட்டியது. நீளம் தொண்ணூற்றெட்டு மீற்றர். இயந்திர அறையும் ஆட்கள் தங்கும் கட்டடமும் பின்பக்கம். முன்னுக்கு மூன்று கிடங்கு. ஒவ்வொரு கிடங்குக்குள்ளும் நடுவே ஒரு தளம், அதனால் கிடங்கு இரண்டு மாடி மாதிரி. தண்ணீர் மட்டத்தில் பனிக்கட்டி வந்து மோதும் என்பதால் அந்த உயரத்தில் மட்டும் சுற்றிவரத் தடித்த இரும்புத் தகடு. அதற்குக் கீழே சாதாரணத் தகடு. அறைச் சுவர்களுக்குள் குளிர் புகாமல் ஒரு சாண் கனத்துக்குப் பஞ்சு. நீராவிக் குளியலுக்கென்று தனியாக ஓர் அறைகூட உண்டு. குளிரூட்டி மட்டும் கிடையாது, அங்கே எதற்கு? எங்கள் நாட்டு வெயிலில் அந்த அறைகளுக்குள் மனிதன் அவிந்து போவான்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், இதே வரைபடத்தில் கட்டிய இன்னொரு கப்பலில் ஆறு வருடமும் நாலு மாதமும் குழாய், இயந்திரம் பொருத்தித் திருத்தும் பிற்றர் வேலை செய்தவன் நான். சோவியத் நாடு இல்லாமல் போனதும் அந்தக் கப்பல்களை மலிவாக விற்றார்கள். என்னுடைய கப்பலில் நாங்கள் நீராவிக் குளியலறைக்குள் வெங்காயம் வைத்திருந்தோம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டியவர்கள் ஒழுங்காகத்தான் கட்டினார்கள். இருபது வருடம் ஓடட்டும் என்று கட்டியதை ஐம்பது வருடம் ஓட வைத்தவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

படகு கப்பலின் பின்பக்கத்தைச் சுற்றிப் போனபோது அந்தக் கோபம் இன்னும் ஏறியது. கப்பலின் பெயரை இரும்பை உருக்கிப் புடைப்பாக எழுதுவார்கள். பெயர் மாறினால் பழைய புடைப்பை அராவி எடுக்க வேண்டும். இவர்கள் அதைக்கூடச் செய்யாமல் மேலே வர்ண மையைப் பூசிப் புதுப்பெயரை எழுதியிருந்தார்கள். காலை வெயில் சாய்வாக விழுந்ததில் ஐந்து பெயர் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தது. அடியில் கிடந்தது ரஷ்ய எழுத்து. கடைசிப் பெயருக்குக் கீழே எழுதியிருந்த நாட்டின் கரையை அந்தக் கப்பல் தன் ஆயுளில் ஒரு தடவையாவது கண்டிருக்குமா என்று எனக்குச் சந்தேகம். கடன்காரனுக்கு ஒளிக்கிறவன் மட்டும்தான் இத்தனை தடவை பெயர் மாற்றுவான்.

கயிற்றேணியில் பத்தொன்பது படி. அதில் இரண்டு உடைந்திருந்தன. மருமகன் பின்னால் ஏறிக்கொண்டே, “மெதுவா மாமா, விழுந்தீங்க எண்டா அம்மா என்னக் கொண்டுபோடுவா” என்றான்.

மேலே கைகொடுத்து ஏற்றியவர் கப்பலின் இரண்டாம் அதிகாரி. தூத்துக்குடிக்காரர், முப்பத்தெட்டு வயது. தலைவர் போன பிறகு பொறுப்பு அவரிடம். 

“வாங்கய்யா. டீ தாரேன்னு சொல்ல முடியல. சீனி இல்ல, தேயிலையும் இல்ல. கொண்டக்கடலை வேணா இருக்கு” என்று சிரித்தார்.

அதைக் கேட்டபிறகுதான் விவரம் தெரிய வந்தது. கிடங்குகளில் இருந்த சரக்கு ஐம்பது கிலோ மூட்டைகளில் கொண்டைக்கடலை. சமையலறையில் அரிசி முடிந்த நாளிலிருந்து, கல்குடாச் சோறு வராத நாட்களில், அவர்கள் அதைத்தான் அவித்துத் தின்றிருக்கிறார்கள். நாற்பது நாள். அதிகாரியின் கன்ன எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன.

நான் ஏறிப் பத்து நிமிடத்தில் முகவரின் அழைப்பு வந்தது. ஓட்டையைப் பற்றி விசாரிக்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். அதிகாரி எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“கிடங்கத் திறந்திட்டீங்களாம். யார் உத்தரவு குடுத்தது?”

“தண்ணி ஏறுது சார். திறக்காம எப்படிப் பாக்க?”

“அது மூடி முத்திரை வச்ச சரக்கு. நீங்க கடலைய எடுத்துச் சாப்பிடுறதும் எங்களுக்குத் தெரியும். அதுக்குப் பேர் களவு. ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்டுதான்.”

என்னால் பொறுக்க முடியவில்லை. தொலைபேசியை வாங்கினேன். “ஐயா, நீங்க காலைல என்ன சாப்பிட்டனீங்க?” என்று கேட்டேன்.

“நீங்க யாரு?”

“எழுபத்துமூண்டு வயசில கயித்தேணியில ஏறி வந்தவன். நீங்க ஒருக்கா ஏறிப் பாத்தீங்களா? அறுபத்துமூண்டு நாளில ஒருக்கா?”

அனுமதியில்லாமல் கப்பலில் ஏறியதற்கு என்மீது வழக்குப் போடலாம் என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். மருமகன் பக்கத்தில் நின்று, “விடுங்க மாமா. அந்தாளுட்ட கத்தி ஓட்டை அடைபடுமா?” என்றான். அவன் சொன்னது சரி.

தண்ணீர் நின்றது நடுக்கிடங்கில். அடித்தளத்துக்கு மேல் மூன்றடி இரண்டங்குலம். அடிக்கோல் போட்டு நானே அளந்தேன். கீழே நாலு அடுக்கு மூட்டை நனைந்து, கடலை ஊதி, சாக்குகள் வெடித்துப் புளித்த மணம். அரை மணி நேரம் பொறுத்து மறுபடி அளந்தேன். ஒன்றரை அங்குலம் ஏறியிருந்தது. இப்படியே போனால் ஞாயிறு இரவுக்குள் நடுத்தளத்தைத் தொடும். உயிர்காப்புப் படகுகள் இரண்டும் துருவேறிக் கொக்கியோடு ஒட்டிக் கிடந்தன. எந்த நேரமும் கடல் மாறக்கூடிய மாதம் அது.

தண்ணீர் இறைக்கும் பம்பி அறைக்கு இறங்கினேன். குழாய்களைத் திறந்து மூடும் சக்கரப் பூட்டுகள் எல்லாவற்றிலும் பித்தளைத் தகடு. அதில் ரஷ்ய எழுத்து. நடுக்கிடங்கின் தண்ணீரை உறிஞ்சும் பூட்டு எது என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு நிமிடம் போதும். கண்டுபிடித்தும் பலனில்லை. பூட்டைத் திருப்பியதும் குழாயே பொருக்காகக் கையோடு வந்துவிட்டது. அந்தக் குழாயை மாற்றியிருக்க வேண்டிய காலம் எப்போதோ போய்விட்டது.

பிறகு மருமகன்தான் ஒரு வழி சொன்னான். “வயலுக்கு இறைக்கிற பம்மி மூண்டு கிடக்கு மாமா. ரெண்டு எங்கட ஊராக்களுட. ஒண்டு மண்டூர் வயல் வட்டைக்காரருட. திருத்தக் குடுத்தது, வேலை முடிஞ்சு என்ர வீட்டிலதான் நிக்கிது. கொண்டரட்டா?”

கொண்டுவரச் சொன்னேன். பெற்றோல், சீமெந்து, சலவைச் சோடா, மரக்கட்டை எல்லாவற்றுக்கும் ஒரு துண்டில் எழுதிக் காசும் கொடுத்தனுப்பினேன். இந்தப் பம்பிகளை மேல்தட்டில் வைத்தால் அவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சாது. நடுத்தளத்தில் வைத்தால் உறிஞ்சும். அதற்கு வசதியாக அந்த நடுத்தளத்தைக் கட்டி வைத்த சோவியத்காரனை மனதுக்குள் வாழ்த்தினேன். பெற்றோல் புகையில் ஆள் மயங்காமல் கிடங்கின் மூடியை முழுவதும் திறக்கச் சொன்னேன். ஒன்பது இருபதுக்கு மூன்று பம்பியும் ஓடின. வடக்குக் கடல் பனியை உடைத்துப் போகக் கட்டிய கப்பலின் தண்ணீரை மட்டக்களப்பு வயல் பம்பிகள் இறைத்துத் தள்ளின. ஒரு மணி நேரத்தில் ஏழு அங்குலம் இறங்கியது. அதுவரை நான் செய்தது எல்லாம் சரி. அதுதான் எனக்குத் தலைக்கேறிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

இறைப்பது மட்டும் போதாது. பெற்றோல் முடிந்தால் பழையபடி ஏறும். ஓட்டையை மூட வேண்டும். அது மூட்டைகளுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. கிடங்கின் நீளம் இருபத்தெட்டு மீற்றர். அதிகாரி ஒரு பழைய கொப்பியைக் கொண்டுவந்தார். நாலு வருடத்துக்கு முன் கப்பலைப் பார்வையிட்ட ஒருவர் எழுதி வைத்தது. அதில் ஒரு வரி: விலா 64, இடது பக்கம், தகட்டில் ஓட்டை, சீமெந்துப் பெட்டி போடப்பட்டது.

விலா என்றால் என்ன என்று சொல்கிறேன். கப்பலின் உள்ளே இரண்டு பக்கமும், மனிதனின் விலா எலும்பு போல, வரிசையாக இரும்புச் சட்டங்கள் நிற்கும். இந்தக் கப்பலில் நூற்றுநாற்பது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே எழுபது சென்ரிமீற்றர். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு. கப்பலுக்குள் எந்த இடத்தையும் அந்த இலக்கத்தை வைத்துத்தான் சொல்வோம். இரண்டு விலாக்களுக்கு நடுவே பலகையால் பெட்டி அடித்துச் சீமெந்து ஊற்றி ஓட்டையை அடைப்பது துறைமுகம் போய்ச் சேரும்வரை செய்யும் அவசர வேலை. இவர்கள் அதை நாலு வருடம் அப்படியே வைத்து ஓட்டியிருக்கிறார்கள். அது இப்போது விட்டுப்போயிருக்கிறது.

சோவியத்காரர்கள் விலாக்களை முன்பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். மற்ற நாடுகளில் பின்பக்கத்திலிருந்து எண்ணுவது வழக்கம். இது எனக்கு நன்றாகத் தெரியும். நான் வேலை செய்த ஆறு வருடமும் கப்பலைப் பரிசோதிக்க வரும் வெளிநாட்டாரோடு இதற்காகவே சண்டை பிடித்தவன். கிடங்கின் வாயோரத்தில் பழைய இலக்கங்களைச் செதுக்கியும் வைத்திருந்தார்கள். 64 என்று துலக்கமாகத் தெரிந்தது. “இஞ்சதான். இந்த இடத்து மூட்டையள அகட்டுங்கோ” என்றேன்.

அதிகாரி தயங்கினார். “ஐயா, ஒரு நிமிசம். அந்தக் கொப்பியோட முதல் பக்கத்தப் பாத்தீங்களா? அவங்க எந்தப் பக்கத்துல இருந்து எண்ணுனாங்கன்னு…”

“தம்பி, நீங்க பிறக்கிறதுக்கு முந்திக் கட்டின கப்பல் இது. எந்தப் பக்கத்தில இருந்து எண்ணுறது எண்டு எனக்குச் சொல்லித் தராதீங்கோ.”

“இல்லய்யா, நான் சும்மா…”

“சும்மா எண்டா சும்மா இருங்கோ. நேரம் போகுது.”

அவர் கொப்பியை மூடிவிட்டார். மற்ற ஆறு பேரின் முன்னால் நான் அவரை அப்படிச் சொன்னேன். அறுபத்துமூன்று நாள் அந்தக் கப்பலை மிதக்க வைத்தவரை, ஏறி வந்து நாலு மணி நேரமே ஆன நான்.

பதினொரு மணிக்குத் தொடங்கினார்கள். கப்பல்காரர் ஆறு பேரும் மருமகனோடு வந்த ஐந்து பேரும். அதிகாரி பம்பிகளைப் பார்த்துக்கொண்டார். கைமாற்றி, கைமாற்றி, இடது பக்கச் சுவரோடு அடுக்கியிருந்த மூட்டைகளை நடுவுக்கு எறிந்தார்கள். மேலே நெருப்பு வெயில், கீழே முழங்கால் தண்ணீர், மூக்கைத் துளைக்கும் புளித்த மணம். நான் நடுத்தளத்தில் நின்று எண்ணினேன். எண்ணிக்கொண்டிருந்தால் எனக்கு மனம் அமைதியாக இருக்கும். இருநூறைத் தாண்டியபோது சமையற்காரர் ஒரு மூட்டையோடு அப்படியே தண்ணீருக்குள் குந்திவிட்டார். நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. அவரை மேலே ஏற்றினோம். நான் மற்றவர்களைப் பார்த்து, “இன்னும் கொஞ்சந்தான், இன்னும் கொஞ்சந்தான்” என்றேன்.

ஒன்றரை மணிக்கு 412 மூட்டை போயிருந்தது. சுவர் தெரிந்தது. விலா 64. மருமகன் கையால் தடவிப் பார்த்தான். சீமெந்தும் இல்லை, ஓட்டையும் இல்லை. தகட்டில் பழைய பச்சை மைகூட உரியாமல் இருந்தது.

“மாமா, எங்கட வீட்டு வாசல் படலை இதவிட மோசம்” என்றான்.

நடுத்தளத்தில் ஒரு பம்பியின் சத்தம் மாறியது. ஊறிய கடலை ஒன்று சல்லடையைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். கிறீச்சிட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டது. மண்டூர்க்காரருடையது. ஓட்டையும் இதற்கிடையில் பெருத்திருக்க வேண்டும், மிச்சம் இரண்டு பம்பியின் இறைப்புக்குத் தண்ணீர் அடங்கவில்லை. முழங்காலுக்குக் கீழே நின்றது ஏறத் தொடங்கியது.

அதிகாரி என் பக்கத்தில் வந்து கொப்பியை விரித்தார். முதல் பக்கம். பென்சிலால் கப்பலின் சிறிய படம் ஒன்று. பின்பக்கம், சுக்கான் இருக்கும் இடத்தில், பூச்சியம் என்று போட்டிருந்தது. கண்ணாடியைப் போடாமலே தெரியும் அளவுக்குப் பெரிய பூச்சியம்.

எழுதியவர் வெளிநாட்டுக்காரர். அவர் தன் வழக்கப்படி பின்பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறார். பின்னாலிருந்து 64 என்றால் முன்னாலிருந்து 76. பன்னிரண்டு விலா. எட்டு மீற்றரும் நாற்பது சென்ரிமீற்றரும். அந்தக் கணக்கு எனக்கு ஒரு விநாடிகூட எடுக்கவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு முன்பும் எடுத்திருக்காது.

ஒரு பக்கத்தைத் திருப்பியிருந்தால் போதும். காலையில் ஒருவன் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு பட்டினி கிடக்கிற மனிதருக்குச் சட்டம் சொன்னான் என்று கத்தியவன் நான். அந்த ஆளுக்கு இவர்களின் முகம் தெரியாது. எனக்குத் தெரியும். நாற்பது நாள் கடலை தின்றவர்கள் என்று தெரிந்துகொண்டே, என் இலக்கம் சரி என்பதற்காக, ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவாக 412 தடவை தூக்க வைத்தேன். இருபதாயிரத்து அறுநூறு கிலோ. மேலே நின்று எண்ணியும் கொண்டிருந்தேன்.

கீழே இறங்கிப் போனேன். எல்லோருக்கும் கேட்கும்படி, “நான் பிழை விட்டுட்டன். தம்பி சொன்னதக் கேட்டிருக்கோணும்” என்றேன். கப்பல்காரரில் மற்றைய நாட்டவர்களுக்கு அதிகாரி அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஒருவன் தலையை மட்டும் ஆட்டினான். இன்னொருவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது கல்குடாவிலிருந்து சோற்றுப் பார்சல் வந்தது. பதினெட்டு. கால் மணி நேரத்தில் தின்று முடித்தார்கள். என் பார்சலை நான் சமையற்காரருக்குக் கொடுத்தேன். அதைப் பெரிய விடயமாகச் சொல்லவில்லை, எனக்கு இறங்காது.

மறுபடி தொடங்கினார்கள். இந்தத் தடவை நான் எண்ணவில்லை. தண்ணீருக்குள் நின்று, வரிசையின் கடைசியில், வருகிற மூட்டையை இழுத்து விடுகிற வேலையைச் செய்தேன். மருமகன் இரண்டு தரம் மேலே போகச் சொன்னான். மூன்றாம் தரம், “கிழவன் செத்தாத்தான் ஏறுவார் போல, விடுங்கடா” என்றான். தண்ணீர் தொடைக்கு வந்தபோது, நாலு இருபதுக்கு, சுவர் தெரிந்தது. தடித்த தகடு முடிந்து சாதாரணத் தகடு தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே பெட்டி இருந்தது. சீமெந்து நடுவில் பிளந்து, மணிக்கட்டு அளவில் கடல் பீறிட்டுக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை மருமகனும் அவனுடைய ஆட்களும்தான் செய்தார்கள். படகுக்கு ஓட்டை அடைத்துப் பழகிய கைகள். துணி சுற்றிய மரக்கட்டையை முதலில் அறைந்து வேகத்தை அடக்கினார்கள். நான் அளவு சொன்னேன்: ஒரு சீமெந்துக்கு எவ்வளவு சோடா, எவ்வளவு தண்ணீர். சோடா கலந்தால் சீமெந்து விரைவாக இறுகும். பழைய பெட்டிக்கு வெளியே பலகையால் இன்னொரு பெட்டி அடித்து நாலு மூட்டைச் சீமெந்தை ஊற்றினோம். ஆறு மணிக்குக் கோல் போட்டு அளந்தேன். ஆறே காலுக்கு அளந்தேன். ஆறரைக்கு அளந்தேன். அரை அங்குலம் இறங்கியிருந்தது.

படகில் இறங்குவதற்கு முன் அதிகாரியின் கையைப் பிடித்தேன். காலையில் அவரை அப்படிச் சொன்னதற்கு என்னைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன்.

“பரவால்லய்யா” என்றார். “தப்புன்னாலும் ஏறி வந்துலா பண்ணுனீங்க. அந்தாளு போன்ல இருந்துட்டேலா பண்ணுதான்.”

அவர் ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு ஆறவில்லை.

திங்கட்கிழமை பார்ப்போம் என்ற அரச அதிகாரிகள் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வந்தார்கள். வந்து, படம் எடுத்து, சீமெந்தைத் தட்டிப் பார்த்து, நல்ல வேலை என்றார்கள். கடலோடிகளுக்காகப் பேசுகிற ஒரு சங்கம் தலையிட்டு, இருபத்துமூன்று நாள் கழித்து ஏழு பேரின் கடவுச்சீட்டும் கிடைத்தது. அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். கப்பலை ஓர் இழுவைப் படகு கட்டி இழுத்துக்கொண்டு போனது. உடைக்கிற இடத்துக்கு என்று கேள்வி.

முகவர் அதோடு விடவில்லை. இருபது மூட்டைக் கடலை களவு போனதாகவும், அதை அந்த ஏழு பேரின் சம்பளத்தில் கழிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். நான் நாலு பக்கத்தில் பதில் எழுதினேன். ஆளுக்கு நாளைக்கு முந்நூறு கிராம், ஏழு பேர், நாற்பது நாள்: எண்பத்துநாலு கிலோ. இரண்டு மூட்டைகூட முழுதாக இல்லை. இருபது மூட்டை என்பது ஆயிரம் கிலோ. மிச்சம் தொளாயிரத்துப் பதினாறு கிலோவையும் அந்த எலும்புக்கூடுகள் எங்கே வைத்துத் தின்றார்கள் என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை. ஆனால் தூத்துக்குடிக்காரர் தொலைபேசியில், சம்பளத்தில் கடலைக்கென்று எதுவும் கழிக்கவில்லை என்று சொன்னார்.

பிறகு ஒரு நாள் மண்டூருக்குப் போய் அந்த விவசாயியிடம் புதுப் பம்பியைக் கொடுத்தேன். பழுதானதைத் திருத்தினால் போதும் என்றார். நான் கேட்கவில்லை. ஓட்டோ, பஸ், பெற்றோல், சீமெந்து, சோடா எல்லாவற்றுக்குமாகப் போனது 16,300 ரூபாய். அதில் ஒரு சதத்துக்கும் எனக்கு வருத்தம் கிடையாது. கொப்பியில் ஒரு பக்கத்தைத் திருப்பாததற்கு, பம்பி வாங்கக் கொடுத்தது 46,500. சரி என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிற நேரத்தில்தான் இப்போதெல்லாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்துக்குப் போகிறேன். அந்தப் பழக்கம் எழுபத்துமூன்று வயதில் எனக்கு வந்து சேர ஆன மொத்தச் செலவு 62,800 ரூபாய்.